வரலாற்றுப் பாதையில் ஏழாவது நிறுத்தம்

ஹோட்டலின் நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் தங்கியிருந்த ஜோடி, சேர்ந்திருந்த கட்டில்களைப் பிரித்து, ஆளுக்கொரு சுவரோரம் தள்ளியிருந்தார்கள். வந்த மறுநாளே சண்டை போலிருக்கிறது. விசி ஒரு கட்டிலை முழங்காலால் நெட்டி மற்றதோடு சேர்த்தாள். கையால் இழுத்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுளீரென்று இறங்கும். மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குளியல் தொட்டியில் கடற்கரை மணல் அப்படியே கிடந்தது. பால்கனியில் பீர் டப்பாக்களுக்குள் சிகரெட் துண்டுகளை அணைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சாம்பல் கிண்ணம் சுத்தமாக இருந்தது.

பக்கத்து அறைகளைப் பார்க்கும் பூரா, துடைக்கும் துணியோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாத்திரை போட்டியாடி?"

"காலையிலேயே போட்டாச்சு."

"இன்னொண்ணு போடு. மத்தியானம் வரைக்கும் ஓடணுமில்ல. நான் ரெண்டு போட்டேன். பாரு, எப்படிப் பறக்கறேன்னு."

பூரா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு அடிபட்ட கோழி மாதிரி நாலடி நடந்து காட்டினாள். விசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வலித்தது.

மாடிக்கு மாடி எல்லாப் பெண்களின் ஏப்ரன் பையிலும் சாவி அட்டையோடு மாத்திரை அட்டையும் இருந்தது. குளிர்காலத்தில் விசி தொழில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் முதுகைக் காட்டியிருந்தாள். முதுகைக் கெடுத்தது இந்த வேலைதான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் பென்ஷன் வரும், வீட்டில் இருக்கலாம். தேய்மானம் வயதால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். விசிக்கு ஐம்பத்தைந்து. தொழிற்சங்க வக்கீல் மறுபரிசோதனை கேட்டு மனுப் போட்டிருந்தாள். கோடை முடிந்ததும் கூப்பிடுவார்கள். அதுவரை இந்தக் கட்டில்கள். அவர்கள் மறுபடி கையை விரித்தால், சாகிற வரை இந்தக் கட்டில்கள்.

அன்று மதியம் மேனேஜர் போர்ஹா அவளை அழைத்தான். சாக்ஸ் போடாத காலில் விலை உயர்ந்த ஷூ. மேஜைக்குப் பின்னால் ஜன்னலில் தெரிந்த கடல் முழுவதும் அவனுக்குத்தான்.

"உக்காருங்க விசி."

"பரவால்ல சார்." உட்காருவதில் கஷ்டமில்லை. அவன் முன்னால் எழுந்திருக்க வேண்டுமே.

"உங்க அம்மா நம்ம ஹோட்டல்ல இருந்தவங்களாமே. ஆரம்பத்துல."

"ஆமா. அம்பாரோன்னு பேரு. ஹோட்டல் தெறந்த வருஷமே சேந்தாங்க. துணி வெளுக்கற அறையிலதான் படுக்கை."

"அற்புதம். இது ஒரு கதை, விசி. இப்ப ஜனங்களுக்குக் கடலும் வெயிலும் மட்டும் பத்தல. கதை வேணும்."

"பெருசா கதை ஒண்ணும் இல்ல சார். முதுகு போயி, கடைசியில கட்டில விட்டு எறங்க முடியாமக் கெடந்தாங்க. பென்ஷனும் இல்ல. காப்பீட்டுல அவங்க பேரையே பதிவு பண்ணலையாம்."

போர்ஹா இதமாகச் சிரித்தான். "அந்தப் பகுதிய விட்டுருவோம்."

காலா ரோயா என்ற அந்தக் கடற்கரை ஊருக்கு வரலாறு என்று ஒன்று இருந்ததை நகராட்சி அந்த ஆண்டுதான் கண்டுபிடித்திருந்தது. இடிந்து கிடந்த காவல் கோபுரத்தைச் சிமென்ட் பூசி நிமிர்த்தினார்கள். மீனுக்கு உப்புப் போட்ட கொட்டகை இப்போது ஐஸ்கிரீம் கடையாக இருந்ததால் அதன் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். ஒரு வெண்கல மீனவனை நிறுத்தினார்கள். ஊரில் மிஞ்சியிருந்த அசல் மீனவர்கள் இரண்டு பேரும் திறப்பு விழா அன்று வெளிநாட்டுக்காரர்களை வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் ஏற்றிக் கடலில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சேர்ந்து வரலாற்றுப் பாதை. ஏழாவது நிறுத்தம் ஹோட்டலின் முதல் அறை. பழைய காலத்து இரும்புக் கட்டில், பழைய சீருடையில் ஒரு பணிப்பெண், அவள் கட்டிலைப் போடுவதைச் சுற்றி நின்று பார்க்கலாம்.

"ஒரே ஒரு கட்டில், விசி," என்றான் போர்ஹா. "நாள் பூரா ஒரே ஒரு கட்டில். உங்க முதுக நெனச்சுத்தான் சொல்றேன்."

அவன் முகத்தைப் பார்த்தபோது விசிக்குள் பழைய அருவருப்பு எழுந்தது. கூடவே, அவளையும் மீறி, இடுப்பு அந்தச் சொல்லை நாய் எலும்பைக் கவ்வுவது போலக் கவ்விக்கொண்டது. ஒரே ஒரு கட்டில்.

விஷயம் தெரிந்ததும் பூரா சொன்னாள்: "மிருகக்காட்சி சாலையில எடம் கெடச்சிருக்கு. நல்லா இரு. கடலை போடுவாங்களா, இல்ல நாங்கதான் கொண்டாரணுமா?"

விசியின் கணவன் எலாடியோ, சுற்றுலாப் பயணிகளை ஊர்சுற்றிக் காட்டும் ரப்பர் சக்கரக் குட்டி ரயிலை ஓட்டினான். அன்று இரவு உருளைக்கிழங்கு ஆம்லெட்டைப் பாதியாக வெட்டிக்கொண்டே, "அப்ப தினமும் உன் வாசல்ல வந்து நிப்பேன். ஒலிபெருக்கி உன்னப் பத்தி ஜெர்மன்ல பேசும்," என்றான்.

"என்ன பேசும்?"

"மீனவர் மகள்கள் சந்தோஷமா புது வாழ்க்கைக்குள்ள வந்தாங்கன்னு. கேட்டுட்டேன். சந்தோஷம்னு ரெண்டு தடவ வருது."

"நீ சும்மாவா கேட்டுட்டிருந்த?"

"நான் எழுதினதா? நான் ஸ்டியரிங் பிடிக்கறவன்." ஆம்லெட்டின் பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தான்.

ஜூன் மாதம் அறையைத் திறந்தார்கள். சுவர்க் காரை பிளாஸ்டிக். ஜன்னலில் தெரிந்த மீன்பிடிப் படகுகள் ஓவியம். மீனவர்களைக் காக்கும் கார்மென் மாதாவின் படம்கூடப் புதிதாக அச்சடித்துப் பழுப்பேற்றியது. முதல் தடவை மெத்தையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியபோதுதான் விசிக்குத் தெரிந்தது, அது மட்டும் நிஜம். பழம்பொருள் கடையிலிருந்து தேடி வாங்கிய கம்பளி மெத்தை. அறுபது வருடத்துச் செம்மறி ரோமம் கட்டிகட்டியாக இறுகி, செத்த மாட்டைப் போலக் கனத்தது. கட்டிலோ முழங்கால் உயரம். ஒவ்வொரு காட்சியிலும் மெத்தையைப் புரட்டி, தட்டி, கம்பளியைப் பரத்தி, விரிப்பைப் போட வேண்டும். கூட்டம் போனதும் எல்லாவற்றையும் கலைத்து அடுத்த கூட்டத்துக்குத் தயாராக நிற்க வேண்டும். ஒரே ஒரு கட்டில்தான். நாள் பூராவும்.

"உள்ள ரப்பர் பஞ்சு வெச்சுடலாமா சார்?" என்று போர்ஹாவிடம் கேட்டாள். "மேல உறை இதே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அசலா இருக்கணும் விசி. அசலுக்குத்தான் காசு கொடுக்கறாங்க."

"அப்ப நான் மேல மாடிக்கே போயிடறேன்."

"உங்க மாடிக்குப் புது ஆள் போட்டாச்சே. இப்ப மாத்தினா கணக்கெல்லாம் குழம்பும். இந்த சீசன் மட்டும் சமாளிங்க."

பழைய சீருடைக்குப் பொருத்தமாகச் சிவப்பு நெற்றித்துணியும், கணுக்காலில் நாடா சுற்றிக் கட்டும் கயிற்றுச் செருப்பும் கொடுத்திருந்தார்கள். விசியால் குனிந்து நாடா கட்ட முடியாது. வீட்டில் எலாடியோதான் தினமும் அவள் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுவான். இங்கே சீருடை மாற்றியதும் பூரா நாலாவது மாடியிலிருந்து ஓடிவந்து தரையில் உட்கார்ந்து கட்டிவிட்டாள்.

"வரலாறு தன் செருப்பத் தானே மாட்டிக்கக் கூடாதா?" என்பாள். எழுந்திருக்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேனேஜரின் அம்மாவை ஒரு வார்த்தை சொல்வாள்.

கூட்டம் வரும். எரிந்து சிவந்த தோள்கள், நீச்சலுடையின் மேல் துண்டு, கையில் உருகும் ஐஸ்கிரீம். சொட்டுவது பற்றி யாரும் கவலைப்படவில்லை. துடைப்பவள்தான் எதிரிலேயே நிற்கிறாளே. எல்லாரும் கைபேசியை உயர்த்திப் பிடிப்பார்கள். இவர்களை இவ்வளவு காலம் விசி அவர்கள் விட்டுச்செல்லும் அழுக்கில் மட்டுமே அறிந்திருந்தாள். முகத்தோடு பார்த்ததில் மதிப்பு ஒன்றும் கூடவில்லை.

முதல் வாரங்களில் அவள் மரக்கட்டை போல நின்று வேலையை மட்டும் செய்தாள். ஜூலையில் ஒருநாள், மாத்திரை சரியான நேரத்தில் ஏறி வலி எங்கோ தூரத்தில் இருந்த வேளையில், விரிப்பை உதறும்போது கை தானாக உயர்ந்தது. வெள்ளைத் துணி கூரையைத் தொட்டு, காற்றை வாங்கிப் பாய்மரம் போல உப்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் மெத்தைமேல் இறங்கியது. அம்மா அப்படித்தான் போடுவாள். கூட்டம் "ஓ" என்றது. பிறகு கைதட்டினார்கள்.

முப்பது வருடத்தில் அவள் போட்ட எந்தக் கட்டிலுக்கும் யாரும் கைதட்டியதில்லை. விசி நிமிர்ந்து, தன்னை அறியாமல், சிரித்தாள்.

அன்று இரவு பனிக்கட்டிப் பையை இடுப்பின் மேல் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தபோது அந்தச் சிரிப்பை நினைத்துக் கூசினாள். போர்ஹாவை வெறுப்பது எளிது. ஐஸ்கிரீமைச் சொட்டவிடுகிறவர்களை வெறுப்பது அதைவிட எளிது. ஆனால் கைதட்டலுக்குக் காத்திருந்த அந்த ஒரு நொடியில் அவளுக்குள் நின்றவள் யார்? மறுநாளும் துணியை உயர்த்தி வீசினாள். அதற்கடுத்த நாளும். மெத்தையைப் புரட்டிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவதையும் சேர்த்துக்கொண்டாள், அதற்கும் கைதட்டினார்கள். மாத்திரை இல்லாமல் கை உயராது என்பதால் காட்சி நேரத்தைப் பார்த்து மாத்திரையை மாற்றி வைத்தாள்.

"நடிகையாயிட்ட," என்றாள் பூரா, நாடாவை முடிச்சுப் போட்டபடி. "அடுத்த வருஷம் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"சும்மா கட்டுடி."

"கட்டறேன். ஆனா சொல்லிட்டேன், இவனுங்க கைதட்டறதுக்காக நீ ஒடியாத."

செப்டம்பர் கடைசியில் காப்பீட்டு அலுவலகம் கூப்பிட்டது. எலாடியோ காலையில் அவள் முன் மண்டியிட்டு காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனான். கெட்டியான, கயிறு கட்டும் காலணிதான் முதுகுக்கு நல்லது என்று போன தடவை அந்த அலுவலகத்து டாக்டர்தான் சொல்லியிருந்தாள். மாத்திரை போடாமல் போ, வலி அவர்களுக்கும் தெரியட்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தாள். விசி போடவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே போனாள்.

அலுவலகத் தாழ்வாரத்தில் நெடுநேரம் காத்திருந்தாள். ஒரு பெண் வாளியைக் காலால் நகர்த்தி நகர்த்தித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது விசி நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்தாள். வலது காலணியின் கயிறு அவிழ்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இனிமையாகப் பேசினாள். குனியச் சொன்னாள், விசியின் விரல்கள் தொடையைத் தாண்டவில்லை. காலைத் தூக்கச் சொன்னாள், விசியின் கண்ணில் நீர் கட்டியது.

"சரி, உக்காருங்க." டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இது நீங்கதானே?"

திரையில் ஓடிய படத்தில், சிவப்பு நெற்றித்துணி கட்டிய பெண் கம்பளி மெத்தையை ஒரே வீச்சில் புரட்டினாள். ஓங்கித் தட்டினாள். வெள்ளைத் துணி கூரை வரை எழுந்து உப்பி இறங்கியது. கைதட்டல். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஹோட்டலே இணையத்துல போட்டிருக்கு," என்றாள் டாக்டர். "ரொம்ப அழகா இருக்கு. எங்க அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்."

"அது மாத்திரை," என்றாள் விசி.

"என்னது?"

"மாத்திரை போட்டுட்டுச் செய்யறது. ராத்திரி பூரா படுக்க முடியாது. கட்டில் எறக்கம். மெத்தை அசலு, கனம்..." சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டது. திரையில் இருந்தவள் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

"புரியுது விசிடாசியோன்," என்று கோப்பில் இருந்த முழுப் பெயரைச் சொல்லி அழைத்தாள். "ஆனா நான் பாக்கறதத்தானே எழுத முடியும்." டாக்டர் தட்டச்சுப் பலகையின் பக்கம் திரும்பினாள். பிறகு பார்வை கீழே போனது. "உங்க காலணிக் கயிறு அவுந்திருக்கு. கட்டிக்குங்க, தடுக்கப் போகுது."

அன்பாகத்தான் சொன்னாள். விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. விசி அந்த விரல்களைப் பார்த்தாள். குனிந்தால் குனிந்தாள் என்று எழுதும். குனியாவிட்டால் நடிக்கிறாள் என்று எழுதும். வலியை மீறி உதடுகள் விரிவதை உணர்ந்தாள். காட்சி முடிந்ததும் வரும் அதே சிரிப்பு. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

"பரவால்ல டாக்டர்," என்று எழுந்தாள்.

தாழ்வாரத்து ஈரத்தரையில் கயிறு அவளுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. அறைக் கதவு முழுவதும் மூடவில்லை. துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதத்தைப் பார்த்தாள், பிறகு விசி சுவரில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள்.

"நில்லும்மா. அசையாத."

துடைப்பக் கோலை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். இன்னொரு கையை இடுப்பில் வைத்தாள். முதலில் ஒரு முழங்கால், கொஞ்சம் நின்று மூச்சு, பிறகு மற்றொரு முழங்கால். ஒவ்வொன்றும் எங்கே வலிக்கும் என்று விசிக்குத் தெரிந்தது. அந்தப் பெண் ஈரக் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் நிறுத்தாததால் படம் மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. மெத்தை விழும் சத்தம் கேட்டது. ஓங்கி ஒரு தட்டு. அந்தப் பெண் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்திருக்கக் கோலைப் பிடித்தபோது, உள்ளே எல்லாரும் கைதட்டினார்கள்.