கொண்டைக்கு ஒரு துளை

என் மனைவி புஷ்பவல்லிக்கு மூச்சு மெஷின் வந்த புதிதில், மாஸ்க்கின் ஓரத்தில் கசிந்த காற்று எங்கள் கிள்ளான் வீட்டுக் காலண்டரை மார்ச்சிலிருந்து ஜூனுக்குத் திருப்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் கமலநாதன் துவைத்த வேட்டியைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலோரம் காயப்போட்டார்.

இதை யாரிடம் சொன்னாலும் புஷ்பவல்லி சுண்டுவிரலைத் தூக்குவாள். பொய் என்று அர்த்தம். முன்பெல்லாம், "இந்த மனுசன் வாயத் தொறந்தா புளுகு" என்று தொடங்கி என் பரம்பரை முழுவதையும் இழுத்துத் திட்டுவாள். நரம்பு நோய் வந்து நெஞ்சுத் தசைகள் சோர்ந்துபோன பிறகு, திட்டுவதற்கும் மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் எல்லாம் ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டது.

மெஷின் நல்ல மெஷின். காற்றை அது தள்ளும், அவள் வாங்கிக்கொள்வாள். மூக்கையும் வாயையும் மூடும் அந்த மாஸ்க் மட்டும் இடத்தில் நிற்கவில்லை. தலையைத் திருப்பினால் நழுவும், நழுவினால் விசில் அடிக்கும், காற்று கண்ணுக்குள் போகும், அவள் விழித்துக்கொள்வாள். தூங்காதவளுக்கு மறுநாள் கையைத் தூக்கக்கூடத் தெம்பு இருக்காது. மாஸ்க் நின்றால் அவள் இருப்பாள் என்பதுதான் எங்கள் வீட்டின் நிலைமை.

நான் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவன். சரக்கு ஆடினால் கயிற்றை இன்னொரு இழு இழுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். இழுத்தேன். விசில் கூடியது. இன்னும் இழுத்தேன். மூக்குத்தண்டில் தோல் கிழிந்தது. புஷ்பவல்லி கண்ணாடி கேட்டுப் பார்த்தாள்.

"கட்டி... எங்க அனுப்பப் போறீங்க? ஈப்போவுக்கா?" என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மெஷின் கொடுத்த கடைக்கு அவளை அழைத்துப்போனேன். அங்கே ஃபர்ஹானா என்று ஒரு பெண். முகத்தைப் பார்த்ததுமே என் மேல் பாய்ந்தாள்.

"அங்கிள், இது லோரி இல்ல லா! மாஸ்க் ஓரத்துல உள்ள மெத்தை காத்துல உப்பித்தான் முகத்தோட ஒட்டும். நீங்க நசுக்கிட்டா எப்படி ஒட்டும்? லூசா கட்டுங்க."

"லூசா கட்டினா விழுந்துடும்மா."

"விழாது. பின்னால பட்டை ஒரே எடத்துல நின்னா போதும்." புஷ்பவல்லியின் பின்தலையில் கை வைத்தவள் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ஆன்டி, தலைக்கு எண்ணெயா?"

"பின்ன?" என்றாள் புஷ்பவல்லி.

"அதான் பட்டை சறுக்குது. கொஞ்ச நாளைக்கு எண்ணெய நிறுத்துங்க. முடியையும் கொஞ்சம் வெட்டினா..."

புஷ்பவல்லி சேமித்துவைத்திருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள். "மூச்சுதான் போகுது. லட்சணமும்... போகணுமா?"

அந்த முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் காஜாங்குக்கு பஸ்ஸில் போனபோது, அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், பின்னல் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்டான்.

கிளம்பும்போது ஃபர்ஹானா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெஷினில் ஒரு மாற்றம் செய்திருப்பதாகச் சொன்னாள். இனி புஷ்பவல்லி மூச்சை இழுக்க மறந்தாலும் மெஷின் தானாக ஊதும். "பயப்படாதீங்க அங்கிள்" என்றாள். நான் பயப்படுவதாகச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து புஷ்பவல்லியின் தையல் மெஷினைத் தூசி தட்டினேன். என் பழைய இடுப்பு பெல்ட், பனியன், மாஸ்க்கோடு வந்த பட்டைகள் எல்லாவற்றையும் வெட்டித் தைத்தேன். முதலில் தைத்தது அவள் கண்ணை மறைத்தது.

"எந்தக் குதிரை... ஜெயிச்சிச்சு?" என்றாள்.

அடுத்தது காதை மடக்கியது. அதற்கடுத்தது தானாகக் கழன்று கழுத்துக்கு மாலையாகிவிட்டது. ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை சீவி, கொண்டை போட்டு, ஊசி குத்தும்போதுதான் உறைத்தது. சறுக்கும் தலையில் சறுக்காமல் நிற்பது இந்தக் கொண்டை ஒன்றுதான். முளையடித்து நிற்கிறது. பெல்ட்டில் வட்டமாக ஒரு துளை வெட்டினேன், ஓரத்துக்குப் பனியன் துணி வைத்து மடித்துத் தைத்தேன். கொண்டையைத் துளைக்குள் விட்டு வெளியே இழுத்தேன். மேல் பட்டை கொண்டைக்கு மேலே, கீழ்ப் பட்டை கொண்டைக்குக் கீழே. ஒரு விரல் நுழையும் அளவுக்கு லூசாகக் கட்டினேன்.

விசில் இல்லை. தலையைத் திருப்பினாள், இல்லை. காலண்டர் ஜூனிலேயே நின்றது. அன்று மத்தியானம் வரை தூங்கி எழுந்து, கறிக்குழம்பு கேட்டாள்.

என் மகள் ரோகிணி ஷா ஆலத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை வந்தவள் அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். காயம் ஆறியிருந்தது.

"அப்பா, உண்மையிலேயே நீங்களா செஞ்சீங்க?"

"ஜப்பான்ல இருந்து ரெண்டு பேரு வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க" என்றேன்.

சுண்டுவிரல் உயர்ந்தது.

அந்தக் கொண்டையின் தயவில் தீபாவளி போனது, பொங்கல் போனது. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகனைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நிற்க முடியாதவள் ஒற்றைக்காலில் நின்றால் என்ன செய்வது? பூசத்துக்கு முந்தின நாள் காலையில், கூட்டம் சேருமுன், நானும் ரோகிணியும் பாட்டரியோடு மெஷினையும் சக்கர நாற்காலியையும் காரில் ஏற்றிப் போனோம். அவளுக்கு மாஸ்க் இல்லாமல் சிறிது நேரம் தாங்கும். "இளநி... வேணும்" என்றாள். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் தலையில் சந்தனம் மின்னியது. முடி ஒரு வாளியில் கிடந்தது. பாதிதான் உள்ளே, மீதி வெளியே. இதில் பொய் இல்லை.

"அம்மா வேண்டிக்கிட்டாங்கப்பா" என்றாள் ரோகிணி. "இந்தப் பூசம் வரைக்கும் உசுரு இருந்தா முடி தரேன்னு. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு..."

நான் மெஷின் மேல் கிடந்த பெல்ட்டைப் பார்த்தேன். நடுவில் வட்டமான துளை. ரோகிணியும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஐயோ அப்பா! நான் யோசிக்கவே இல்லப்பா!"

"அழாத" என்றாள் புஷ்பவல்லி. "கேட்டேன்... குடுத்தாரு. நான்... குடுக்க வேணாமா?"

காருக்குள் மாஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். சந்தனத்தில் பெல்ட் வழுக்கிக்கொண்டு போனது. பழைய பட்டைகளை நான் முன்பே வெட்டிவிட்டேன். அதனால் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல்கள் மாஸ்க்கின் இரு ஓரத்தில், மற்ற விரல்கள் பின்தலையில். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜாம். ரோகிணி அழுதுகொண்டே ஓட்டினாள். கிள்ளான் வரைக்கும் ஒரு விசில் வரவில்லை. என் மனைவி என் கைக்குள் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இத்தனை வருஷமாகக் கொண்டை மறைத்து வைத்திருந்த ஒன்றை அப்போதுதான் தொட்டேன். பிடரிக்கு மேலே சின்னதாக ஒரு மேடு, எலும்பு. என் விரல்கள் அதற்கு அடியில்தான் பிடி கொண்டிருந்தன.

மறுநாள் பூசம், ரோகிணிக்கு லீவு. ஒருவர் பிடிக்க ஒருவர் ஓய்வெடுத்தோம். நடுவில் நான் தைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பனியன் துணியை மடித்து அந்த மேட்டுக்கு அடியில் ஒரு பட்டை, உச்சி வழியாக ஒன்று, கன்னத்தில் கட்டைவிரல் வரும் இடத்தில் வெல்க்ரோ. மாட்டியதும் கையை எடுக்கப் பயந்தேன். எடுத்தேன். நின்றது.

"உங்க கை மாதிரி... இருக்கு" என்றாள். "கை... நாறும். இது பரவால்ல."

முடி முளைக்க முளைக்க இன்னும் நன்றாக நின்றது. குச்சி குச்சியாக வந்த முடி துணியைப் பற்றிக்கொண்டது. முருகன் வாங்கினதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கால்கள், தோள்கள் என்று ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. பேச்சும் போனது. விரல் மட்டும் இருந்தது. அதற்காகவே நான் பொய் சொன்னேன். காலையில் கஞ்சியோடு ஒன்று, மத்தியானம் ஒன்று. மெதுவாக உயரும், ஆனால் உயரும்.

ஒருநாள் மதியம் மழை. கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒரு புலிக் கதையைத் தொடங்கினேன்.

"டெங்கில் பக்கம், செம்பனைத் தோட்டத்து ரோட்டுல, ஒரு புலி கையைக் காட்டி லிஃப்ட் கேட்டுச்சு புஷ்பா. ஏத்திக்கிட்டேன்."

விரல் பேசாமல் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கேட்கிறாள், இன்னும் பெரிதாக வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சீட் பெல்ட்டு போடச் சொன்னேன். போட்டுக்கிச்சு."

ஏறி இறங்கியது.

"எறங்கும்போது, வீட்டுல அக்காவ கேட்டதா சொல்லுங்கன்னுச்சு."

விரலைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடியைத் தேடினேன், கழுத்திலும் தேடினேன். நெஞ்சு மட்டும் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. மெஷின் ஊதிக்கொண்டிருந்தது. ஒரு கசிவு இல்லை, ஒரு விசில் இல்லை. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. புலி ஏறுவதற்கு முன்பா, பின்பா?

ரோகிணிக்குப் போன் செய்து "வாம்மா" என்று மட்டும் சொன்னேன். மெஷினை நிறுத்த வேண்டும். சுவிட்சில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். மறுபடி வந்து உட்கார்ந்து, கதையை முடித்தேன். புலியை பாந்திங்கில் இறக்கிவிட்டேன்.

நனைந்துகொண்டே வந்த ரோகிணி கதவருகில் நின்றாள். போர்வைக்கு மேலே அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவள் தோள் தளர்ந்தது.

"நான் பயந்தே போயிட்டேன்பா. அம்மா தூங்குறாங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "இப்பதான்."

சொல்லிவிட்டு, போர்வை மேல் கிடந்த அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோகிணியும் என்னைப் பார்த்துவிட்டு, அதைப் பார்த்தாள்.