தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

மகுடேஸ்வரனுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் முதலில் பாதிக்கப்பட்டவை ஐந்து எலெக்ட்ரிக் கிட்டார்கள்.

அவன் வீட்டு மாடி அறைச் சுவரில் அவை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வரப்போகும் பெண்ணுக்காக அந்தச் சுவர் முழுக்க அலமாரி அடிப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தச்சர் அளவெடுக்க வருவார். அதற்குள் சுவர் காலியாக வேண்டும்.

"ஒண்ணு உனக்குடா ராபின்," என்று போனில் சொன்னான். "எது வேணுமோ நீயே வந்து பாத்து எடுத்துக்க. மிச்சம் நாலும் கோயம்புத்தூர்க் கடைக்கே திரும்பப் போகுது. அப்பா பேசிட்டாரு."

"ஒண்ணே ஒண்ணா?"

"எனக்கும் ஒண்ணுதான்டா பாத்திருக்காங்க. நான் ஏதாச்சும் சொன்னனா?"

நான் ஏழு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். கடையில் வாங்கிய கிட்டார் என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். என்னிடம் இருப்பது அப்பா செய்து கொடுத்தது. சிக்கலே அதுதான்.

அப்பா சகாயராஜ், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெற்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரைக்கு வந்தவர். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறார். அவர் கண்ணில் அரைக்கால் இஞ்ச் வித்தியாசம்கூடத் தப்பாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டு உறையில் தையல் கோணலாக ஓடுவதைக் காட்டி, இறங்கும்வரை அதைப் பற்றியே பேசுவார்.

ப்ளஸ் டூ விடுமுறையில் நான் கிட்டார் வேண்டும் என்று படுத்தினேன். கழுத்து, கம்பி, மின்சாமான் எல்லாம் தபாலில் வரவழைக்கலாம், உடம்பு மட்டும் மரத்தில் வெட்டினால் போதும் என்று கண்டுபிடித்திருந்தேன். இருக்கிற வடிவங்களிலேயே எளிதானது டெலி என்கிற ரகம். தட்டையான பலகை, இடுப்பில் லேசான வளைவு, உயரமான சுரங்களை விரல் எட்டுவதற்காகக் கழுத்தடியில் ஒரே ஒரு வெட்டு. அவ்வளவுதான். பனியனில் ரவுண்ட் நெக் எப்படியோ, கிட்டாரில் அது அப்படி.

முழு அளவு வரைபடத்தை ஒன்பது தாளில் அச்செடுத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா அதைப் பேட்டர்ன் அட்டையில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். மகுடேசும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். அவர் கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அந்த அட்டையைத் தச்சர் பெரியகருப்பனிடம் கொடுத்தார், அவர் பழைய கட்டிங் டேபிள் பலகையில் கோடு பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். கழுத்து உட்காரும் பள்ளத்தை மட்டும் கழுத்தையே வைத்துப் பார்த்துச் செதுக்கினார்.

பூட்டி முடித்து வாசித்தபோதுதான் தெரிந்தது. கழுத்தில் குறுக்கே சுரம் பிரிக்கும் கட்டைகள், இருபத்திரண்டு ஃப்ரெட். பதினேழாவதற்கு மேல் கை போகவில்லை. மரம் தடுத்தது. மகுடேஸ் வரைபடத்தை எடுத்து மரத்தின் மேல் வைத்தான். சுற்றிலும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, அரை இஞ்ச் கூடுதல்.

அப்பா தையலுக்கு விட்டிருந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்த வடிவத்தைக் கொடுத்தாலும், தையலில் உள்ளே போகுமென்று அரை இஞ்ச் தள்ளிக் கோடு போட்டுப் பழகிய கை அது. அது அவரிடம்கூடக் கேட்காது.

"கரெக்டா வந்திருக்கால?" என்று அப்பா கேட்டார். கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முகத்தை நான் பார்த்தேன், மகுடேசும் பார்த்தான்.

"பர்ஃபெக்ட்டுங்க மாமா," என்றான் மகுடேஸ்.

உடனே அப்பா ஒரு சாம்பிள் டேகை எடுத்து, 'அப்ரூவ்டு' என்று எழுதி, தேதி போட்டு, கிட்டாரின் தலையில் கட்டினார். கம்பெனியில் அவர் பயல்களிடம் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு: அப்ரூவ் ஆன பீஸில் யாரும் கை வைக்கக்கூடாது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் உட்பட, ஆணியில் தொங்கும் அந்தக் கிட்டாரைப் பார்க்காமல் திரும்பிப் போனதில்லை. "வெட்டு நம்ம போட்டது," என்பார். பதினேழுக்கு மேல் என் கை ஏன் போவதில்லை என்று அவர் கேட்டதில்லை. பதினேழோடு பாட்டு முடிந்துவிடுகிறது என்றே நினைத்திருப்பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகுடேஸ் வீட்டு மாடிக்குப் போனேன். சுவரில் ஐந்தும் இருந்தன. அறையில் பழைய வாசனை அப்படியே இருந்தது. கீழே குடோனில் அடுக்கியிருக்கும் துணியின் வாசனை. கல்லூரியில் படித்த மூன்று வருடமும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வாசனையில்தான் கழிந்தன. 'டபுள் நீடில்' என்று எங்கள் குழுவுக்குப் பெயர். ட்ரம்ஸ் மோனிஷா. ட்ரம்ஸ் என்றால் முதல் வருடம் முழுக்க இரண்டு நூல் கோன் அட்டைப்பெட்டி. இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். பெட்டிகள் மூலையிலேயே கிடந்தன. ஒன்றில் அவள் குச்சி விழுந்த பள்ளம் தெரிந்தது. தூக்கிப் போட யாருக்கும் தோன்றவில்லையா, மனசு வரவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

ஐந்தையும் வாங்கியவர் மகுடேசின் அப்பா ஆறுச்சாமி. அறுபது மெஷின் ஓடும் கம்பெனிக்குச் சொந்தக்காரர். பையன் இரண்டாம் வருடத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டபோது, எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்க் கடைக்குப் போனார். அங்கிருந்த பையனிடம், "இதுல எத்தன ஸ்டைலுங்க ஓடுது?" என்று கேட்டார். முக்கியமாக ஐந்து என்றான் அவன். "அப்ப ஸ்டைலுக்கு ஒரு பீஸ் எடுத்து வையுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுல மீடியம் எதுங்க?" என்றார். உலகத்தில் கிட்டாருக்கு மீடியம், லார்ஜ் கேட்ட ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பையன் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கலாம்.

"ஆரம்பிடா," என்று மகுடேஸ் ஆம்ப்ளிஃபயர்மேல் உட்கார்ந்தான். "பன்னெண்டுக்குத் தச்சர் வந்துருவாரு."

முதலில் லெஸ் பால். அருமையான குரல், கனத்த குரல். எடையும் அப்படியே. தோளில் மாட்டி இரண்டு பாட்டு வாசித்தால் நூல் மூட்டை இறக்கியதற்கான கூலி கேட்கத் தோன்றும். அடுத்தது வி வடிவம். நின்றுகொண்டு வாசிக்கும்வரை கம்பீரம். உட்கார்ந்தால் தொடையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கிளம்பிவிடும். செமி ஹாலோ வயிறு பெருத்தது, உள்ளே கூடு. மெதுவாகப் பேசுகிறவரை நல்ல மனிதர், சத்தத்தைக் கூட்டினால் தானாகவே ஊளையிடும்.

"வி எடுத்துக்கடா," என்றான் மகுடேஸ். "ஊட்டுக்குள்ள வந்தாலே தெரியும், கிட்டார் வந்திருக்குதுன்னு."

"எங்கம்மா அதுல துணி காயப்போடும்."

ஸ்ட்ராட்டை எடுத்தேன். இரண்டு கொம்பு, கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் மூன்று, ஐந்து விதமாக மாற்ற ஒரு சுவிட்ச். மேடையில் மகுடேஸ் வாசித்தது இதைத்தான். உடம்போடு ஒட்டி உட்காருகிறது, இருபத்திரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் கை தாராளமாகப் போகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. பத்து நிமிடம் வாசித்தேன். இது மகுடேசின் கிட்டார் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

கடைசியாக டெலியை எடுத்தேன். இரண்டு பிக்கப், மூன்று நிலை சுவிட்ச், இரண்டு குமிழ். முதல் தட்டலிலேயே கம்பி பளிச்சென்று பேசியது. கண்ணை மூடாமலேயே கல்லூரி மேடை தெரிந்தது. நாங்கள் ஏறிய ஒரே மேடை. மொத்தம் இரண்டரைப் பாட்டு வாசித்தோம். மிச்ச அரைப் பாட்டைக் கரண்ட் எடுத்துக்கொண்டது. அந்த இருட்டில் மோனிஷா மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா இருந்தார், கம்பெனியிலிருந்து நேராக, கழுத்தில் டேப்போடு. பாட்டை விட்டுவிட்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் தான் கோடு போட்ட பலகையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

கை மேலே ஏறியது. பதினேழில் நின்றது.

"மேல போடா," என்றான் மகுடேஸ். "ரோடு காலியாத்தான் கெடக்குது."

போகவில்லை. அங்கே மரம் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

ஆறுச்சாமி மேலே வந்தார். "வாங்க கண்ணு, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "அஞ்சு ஸ்டைல்ல எதுக்குங்க ரிப்பீட் ஆர்டர்?"

"இதுக்குத்தானுங்க," என்றேன்.

அவர் டெலியை மேலும் கீழும் பார்த்தார். "பேசிக் பீஸ்தான் எப்பவும் நிக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மகுடேஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. "டேய், நல்லா யோசிச்சுக்க. வேற எதை எடுத்துட்டுப் போனாலும் மாமா கும்பிட்டு வாங்கி வெச்சுக்குவாரு. இதைக் கொண்டுட்டுப் போனீன்னா அது பக்கத்துல வெச்சுத்தான் பாப்பாரு. ஏழு வருஷமா காப்பாத்திட்டு இருக்கறோம்."

"தெரியும்."

"அப்பறம் என்ன சொல்லுவே?"

"வழியில யோசிக்கறேன்."

அவன் அதைச் சுவரிலிருந்து கழற்றிய கொக்கியோடு சேர்த்துக் கொடுத்தான். வாசல்வரை வந்தான். "எப்பவாச்சும் கொண்டுட்டு வந்து வாசிடா."

"எங்க, அலமாரிக்குள்ளயா?"

"உள்ள ஒரு தட்டு எனக்குன்னு கேட்டு வாங்கறேன்," என்றான். சிரிக்கவில்லை.

வண்டியில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் அம்மா கறி தாளித்துக்கொண்டிருந்தது. அப்பா சர்ச்சுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏல, நம்ம கிட்டார் மாதிரியே இருக்கு," என்று முகம் மலர்ந்தார். ஆணியிலிருந்து பழையதை இறக்கி, இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

மலர்ந்த முகம் மெதுவாக வேலை முகமாக மாறியது. கதவுக்குப் பின்னாலிருந்த டேப்பை எடுத்தார். புதியதன் அடிப்பாகத்தை அளந்தார். "பன்னெண்டே முக்கால்." பழையதை அளந்தார். "பதிமூணே முக்கால்."

"புதுசு சுருங்கிருச்சுப்பா," என்றேன். "பெயிண்ட் அடிச்சுக் காயவைக்கும்போது சுருங்குமாம்."

"எத்தன பர்சென்ட்?"

மனக்கணக்குப் போட்டேன். "ஏழு."

"ஏழு பர்சென்ட் சுருங்கினா லாட்டையே ரிஜெக்ட் பண்ணிருவாம்ல."

டேப்பின் முனையைக் கழுத்தடி வெட்டில் வைத்தார். இடுப்பில் வைத்தார். தோளில் வைத்தார். எல்லா இடத்திலும் அரை இஞ்ச்.

"தையலுக்கு விட்டிருக்கேன்," என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"மகுடேசுக்கு?"

"அவன்தான் மொதல்ல கண்டுபிடிச்சான்."

"அந்தப் பய பர்ஃபெக்ட்டுன்னு சொன்னாம்ல." பழையதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெட்டுக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையச் சிரமப்பட்டது. "ஏம்ல சொல்லல?"

"டேக் கட்டிட்டீங்கள்ல."

"கறி ஆறுது," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னது. யாரும் நகரவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அது அவர் பையில் இருக்கும். பழையதன் கழுத்தடியில், விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே தள்ளி, டேப்பே வைக்காமல் கோடு போட்டார். "நாளைக்கே பெரியகருப்பன்ட்ட குடுத்து இதை எடுத்துருவோம்."

"அப்ரூவ் ஆன பீஸ்ல கை வைக்கக்கூடாதுப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கிட்டாரின் தலையில் மஞ்சளாகிப் போன டேகைப் பார்த்தார்.

"சரி, புதுசுல வாசி," என்றார். "கேப்போம்."

அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அன்று வாசித்ததையே வாசித்தேன். கை ஏறியது. பதினேழில் நின்றது.

"இதுலதான் மேல எடம் கெடக்கே," என்றார் அப்பா. "ஏன் அங்கனயே நிக்க?"

"பழக்கம்ப்பா."

அப்பா மடியில் கிடந்த பழையதைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சாக்கட்டிக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க ஆரம்பித்தார்.