வெள்ளச்சியின் பாலும் அண்ணன் காலும்

வரிச்சிக்குடி வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்த உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியில், காலை ஏழு மணிக்கு ஏழு வெள்ளாடுகள் வரிசை கட்டி நிற்கும். ஏழும் ஒரே ஆட்டின் உயிரணுவிலிருந்து உருவாக்கிய நகல்கள். ஏழுக்கும் ஒரே முகம், ஒரே தாடி, வெள்ளச்சி என்று ஒரே பெயர். விஞ்ஞானிகளே காதில் மாட்டிய எண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பராமரிக்கும் சலோமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தும்மலை வைத்தே எந்த வெள்ளச்சி என்று சொல்லிவிடுவாள். இதைப் பார்க்க டில்லியிலிருந்து ஒரு விமானம் நிறைய ஆட்கள் வந்ததாகப் பக்கத்து ஊரான கோட்டுச்சேரியில் பேச்சு. வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் டிரைவர்.

அடிபட்டால் ரத்தம் உறையாமல் போகும் நோய் ஒன்று உண்டு. வெள்ளச்சிகளின் பாலில் சுரக்கும் புரதம் அதற்கு மருந்தாகுமா என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. கம்பெனியில் சொன்னது இவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடுவதற்குள் சலோமியின் வாயில் அது வளர்ந்துவிட்டது.

"ரத்தத்துல என்ன கோளாறுன்னாலும் எங்க வெள்ளச்சி பாலு சரி பண்ணிடும்!"

தெருமுனையை எட்டுவதற்குள் அந்தப் பால் மூட்டுவலியைத் தீர்த்தது. கடைத்தெருவில் வழுக்கையில் முடி முளைக்க வைத்தது.

"அக்கா, எங்க மாமியார் வாய் அடங்குற மாதிரி அரை டம்ளர் கெடைக்குமா?" என்று கேட்டார் ஆட்டோ ஓட்டும் சேக் பரீது.

சலோமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மண்டபத்தூரில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் மரியமுத்துவைப் பார்க்கப் போனாள். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. அன்று வலது காலில் துணி சுற்றியிருந்தார். சிப்பி குத்திய புண், ஒரு விரல் கருத்திருந்தது. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், சுறாத் துண்டுகளுக்கு அடியில் பிரிக்காத ஊசிமருந்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஊசி போடலியா?"

"பதினஞ்சு நாளா போடல. அதான் உன் பாலு வந்துடும்ல?"

"யாருண்ணே சொன்னா?"

"நீதான புள்ள? சக்கரையும் ரத்தத்துல உள்ள கோளாறுதான? எந் தங்கச்சி சொன்னா பொய்யா இருக்குமா?" மரியமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

சலோமி அப்போதே சேக் பரீதுக்குப் போன் போட்டாள். சேக் பரீதின் ஆட்டோ சாலையில் இருந்த வேகத்தடை ஒன்றையும் தொடாமலே ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா முழங்காலோட போயிருக்கும். ஒரு விரல எடுத்ததோட தப்பிச்சாரு," என்றார் டாக்டர்.

கட்டுப்போட்ட காலருகே உட்கார்ந்து சலோமி அழுதாள். "அந்தப் பாலு சக்கரைக்கு இல்லண்ணே. நான் பெருமைக்கு அளந்து விட்டேன்."

"ரத்தம் உறையாதவங்களுக்காவது அது நெசமா?"

"அதுவும் இன்னும் சோதனையிலதாண்ணே இருக்கு."

மரியமுத்து காலில் இருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நம்ம ஊரு ஆட்ட வெச்சு அம்மாம் பெரிய சோதனை நடக்குது, அத எந் தங்கச்சி பாத்துக்குறா. பெருமைக்கு இது போதாதா? எதுக்குப் புள்ள மேல மேல ஊத்துன?"

அடுத்த ஞாயிறு அதே கோயில் வாசல். நாலைந்து பேர் சொம்போடு வந்திருந்தார்கள். சேக் பரீது ஆட்டோவிலிருந்தே குரல் கொடுத்தார். "அக்கா, மாமியார் விஷயம்?"

"அதுக்கு ஏழாயிரம் ஆடு வேணும் தம்பி!" என்ற சலோமி, சொம்புக்காரர்கள் பக்கம் திரும்பித் தலையை நிமிர்த்தினாள்.

"எங்க வெள்ளச்சிங்க உலகத்துக்கே மருந்து குடுக்க நிக்கிதுங்க, எனக்கு அதுல பெருமைதான். ஆனா சோதிச்சு முடிக்கிற வரைக்கும் அது மருந்து இல்ல. டாக்டர் குடுத்த மாத்திரையையும் ஊசியையும் யாரு பேச்சக் கேட்டும் நிறுத்தாதீங்க. முக்கியமா, எம் பேச்சக் கேட்டு!"