சீமாட்டியின் சட்டமும் நவரத்தினத்தின் சங்கும்

1

இது ஒரு போலந்துச் சீமாட்டியைப் பற்றிய கதையாகத்தான் தொடங்கியது. ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நம் கடல் சங்கு ஒன்றைப் பார்த்தேன். போலந்துப் பிரபுக்குலப் பெண் ஒருத்தி சேர்த்தது என்றது சீட்டு. அவளுக்கும் மன்னார்க் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் நான் கெட்டிக்காரன். எழுத உட்கார்ந்தேன்.

'கணவனை அடக்கம் செய்த மறுநாள் சீமாட்டி தன் பண்ணைகளைப் பார்க்கப் புறப்பட்டாள். அவள் மனத்தில்

அவள் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்? விட்டுவிட்டேன். (பெயர் கேட்காதீர்கள். பெயர் வைத்தால் தேடிப் பார்ப்பீர்கள். அவள் என் கற்பனை.)

2

மறுபடி. சீமாட்டி பண்ணைகளைத் தானே நிர்வகித்தாள். புகைபோக்கியை எப்போது துடைப்பது, தொழுவத்துக்குள் விளக்கை எப்படிக் கொண்டுபோவது என்றெல்லாம் குடிகளுக்குச் சட்டம் எழுதினாள். மிச்சப் பொழுதில் சிப்பி, கல், பாடம் செய்த பறவை என்று சேர்த்தாள். செத்ததையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்தவள்.

அவள் சட்டங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: காணாமல்போனவனின் வீட்டைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. அவன் செத்ததைக் கண்ட ஆள் வந்து சொல்லும்வரை அவன் அடுப்பைத் துடைத்து வைத்திருக்க வேண்டும்.*

* இதுவும் நான் எழுதிய சட்டம்தான். ஏன் எழுதினேன் என்பது குணேஸ்வரி வந்ததும்தான் எனக்கே புரிந்தது.

3

குணேஸ்வரியை நான் கூப்பிடவில்லை. கொலோனில் இருக்கிறாள். கணவர் நவரத்தினம். மகள் ஆரணிக்கு அந்த அருங்காட்சியகத்தில்தான் வேலை. குணேஸ்வரியின் தம்பி ரஜிதன், போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல்போனவன். "ஒரு அந்தியேட்டியாவது செய்யுங்கோ அக்கா" என்று கருமாதியை நினைவூட்ட வருகிறவர்களிடம் அவளுக்கு ஒரே கேள்வி: "அவன் செத்ததை உங்களிலை ஆர் கண்டனீங்கள்?"

நவரத்தினம் ஊரில் லொறி ஓட்டியவர். அகதியாக வந்த புதிதில் இங்கே செத்தவீடுகளில் சங்கு ஊத ஆளில்லை என்று அவரே பழகிக்கொண்டார். இன்றைக்கும் எந்த நகரத்தில் தமிழர் செத்தாலும் தொலைபேசி அவருக்குத்தான் வரும்.

அப்பா சங்கு ஊதுவார் என்று ஜெர்மனியில் வளர்ந்த ஆரணிக்குத் தெரியும். சங்கில் நல்லதற்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்பது தெரியாது.

"சீமாட்டியின்ரை கண்காட்சி சனிக்கிழமை திறக்கினம் அப்பா. நீங்கள் வந்து ஊதவேணும்."

"எனக்கு ஒரு ஊதல்தான் தெரியும் பிள்ளை."

"அது காணும் அப்பா, ஒண்டு போதும்."

"ஓம்" என்றார்.

[இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம். மகளுக்காகவா, வேறு எதற்காகவாவதா? திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தேன். ஓம் என்கிறார், முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார்.]

4

சீமாட்டியின் சங்கு கண்ணாடிக்குள் கிடக்க, நவரத்தினம் தன் சங்கைப் பையிலிருந்து எடுத்து ஊதினார். நீட்டி, இழுத்து, பிணம் வாசல் படலை தாண்டும்போது ஊதுகிற ஊதல். வைன் கிளாஸை இடுக்கிக்கொண்டு ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள். குணேஸ்வரியும் கூட்டத்தில் நின்றாள். பிணமில்லாமல் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. சுற்றிப் பார்த்தாள். பாடம் செய்த ஓர் ஆந்தைதான் அவளைப் பார்த்தது.

"ஆருக்கு ஊதினனீங்கள்?"

"பிள்ளை கேட்டவள்."

"அது தெரியும். ஆருக்கு?"

"அந்தப் போலந்து மனிசிக்கு எண்டு வைச்சுக்கொள்ளுமன்."

அவர் கண் கலங்கியிருந்தது. மூச்சுப் பிடித்து ஊதினால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்தான்.

"என்னம்மா, என்ன பிழை?" என்றாள் ஆரணி. நவரத்தினம் சங்கைத் துடைத்துப் பையில் வைத்தார்.

5

வீட்டுக்கு வந்ததும் நவரத்தினம் நேரே குளியலறைக்குப் போய் முழுகினார். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் அடுப்படிக்குப் போகக்கூடாது. முழுகியவர் தலை துவட்டிக்கொண்டே வந்து இன்னொரு துவாயை மனைவி கையில் கொடுத்தார்.

முதல் முடிவு: குணேஸ்வரி முழுகுகிறாள். இத்தனை வருஷத்து அழுகையையும் அழுது தீர்க்கிறாள். உங்களுக்கு நிம்மதி. ஆனால் ரஜிதனை நான் கொன்றுவிட்டேன்.

இரண்டாம் முடிவு: துவாயைப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கிறாள். அவன் உயிரோடு இருக்கிறான். அவள் இன்னும் காத்திருக்க வேண்டும், சாகும்வரை. அதைச் செய்யவும் எனக்கு மனமில்லை.

சங்கை ஆள் வந்து சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா? சட்டம் என்னுடையதுதானே, ஒரு வரியை மாற்றினால் போகிறது என்று பேனாவை எடுத்தேன். குணேஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் கண்டனீங்களே?"

"இல்லை அக்கா. நான் காணவில்லை."

பேனாவை மூடிவிட்டேன். குளியலறைக் கதவு திறந்திருக்கிறது. இந்தப் பக்கம் அடுப்படி. துவாயோடு நடுவில் நிற்கிறாள். அவள் இனி உங்களைத்தான் கேட்பாள். உங்களில் யாராவது கண்டீர்களா?