கயோ தபாலில் போன டிசம்பர்

எங்கள் ஊர் கமினுமாவில் ரயில் நின்றுபோன டிசம்பரில், ஷிமா தன் ஆறு வயது மகள் கயோவின் இடது தோளில் தபால்தலை ஒட்டி டோக்கியோவுக்கு அனுப்பினாள். குழந்தை அப்போது அஞ்சலட்டை அளவில் இருந்தாள். தபால்தலை கொஞ்சம் கோணல் என்பதைத் தவிர ஊரில் யாரும் குறை சொல்லவில்லை.

குழந்தையின் அப்பா குமாசோ டோக்கியோவில் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் ஆண்கள் பனி விழத் தொடங்கியதும் அங்கே வேலைக்குப் போவார்கள், நடவுக்குத் திரும்புவார்கள். அந்த வருஷம் குமாசோ நடவுக்கும் வரவில்லை, அறுப்புக்கும் வரவில்லை. அதனால் கயோ பருவத்துக்கு ஓர் அட்டை செய்து அனுப்பினாள். வசந்தத்தில் பனியைத் துளைத்து வந்த முளையொன்றை ஒட்டினாள். அது போய்ச் சேர்ந்த அன்று தொழிலாளர் கொட்டகையில் பனி உருகிக் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. கோடையில் தவளை வரைந்தாள். அது கத்திய கத்தலில் மேஸ்திரி ஒரு வாரம் கண்மூடவில்லை. இலையுதிர்காலத்தில் நெல்தாள் ஒட்டினாள். சுரங்கம் முழுக்க வயல் மணத்தது, ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதார்கள், மேஸ்திரி மட்டும் தும்மினார். குமாசோ பதிலுக்குச் சிமெண்டுப் பைக் காகிதத்தைத் தைத்துப் படப்புத்தகம் செய்து அனுப்புவான். குமா என்றால் எங்கள் பேச்சில் கரடி. புத்தகத்தில் ஒரு கரடி வீட்டை நோக்கிச் சுரங்கம் தோண்டிக்கொண்டே வரும். கயோ அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினால் தரைக்குக் கீழே தோண்டும் சத்தம் கேட்கும். “அப்பாவ மெதுவாத் தோண்டச் சொல்லுடி, அரிசிப் பானை ஆடுது” என்பாள் ஷிமா.

டிசம்பரில் சத்தம் நின்றது. மறுநாள் தந்தி வந்தது. குமாசோவின் நெஞ்சு நிறையக் கல்தூசி, வருஷக் கடைசியைத் தாண்ட மாட்டான், உடனே வரவும். எப்படிப் போவது? மலைச் சரிவு மொத்தமும் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. தபால் பையை மட்டும் நாலு ஆட்கள் முதுகில் சுமந்து கணவாயைக் கடந்துகொண்டிருந்தார்கள். கடந்து போனாலும் குமாசோ படுத்திருந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. ஷிமா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, குளிர்கால அட்டைக்கு வெட்டி வைத்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயோ அதன்மேல் போய்ப் படுத்தாள்.

“என்னையே அனுப்பிடும்மா.”

“சும்மா கிட” என்றாள் ஷிமா. அடுப்பில் கரி போட்டுவிட்டுத் திரும்பியபோது பிள்ளை அட்டையாகியிருந்தாள். கையுறைகூட நன்றாக வந்திருந்தது.

ஷிமா அழுதுகொண்டே முதுகில் விலாசம் எழுதினாள். டிசம்பரில் அட்டை எழுதிப் பழகிய கை அல்லவா, முகவரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘புத்தாண்டு வாழ்த்து’ என்றும் எழுதிவிட்டது. அப்படி எழுதிய அட்டையைத் தபால்காரர்கள் கட்டிப் பூட்டி வைத்து, ஜனவரி முதல் தேதி காலையில்தான் கொடுப்பார்கள். முந்தைய நாள் பேரரசரே கேட்டாலும் கிடைக்காது. தபாலதிகாரி இகராஷி பையை அனுப்பிவிட்டு வந்து பாராட்டினார்.

“எழுத்து அழகா வந்திருக்கும்மா. ஒண்ணாந்தேதி காலைல டாண்ணு போய்ச் சேந்துரும்.”

“ஒண்ணாந்தேதியா? அவரு அதுவரைக்கும் தாங்க மாட்டாருய்யா. பையை நிறுத்துங்க.”

“பை கணவாய் ஏறிருச்சே.”

“அது என் புள்ளைய்யா.”

“புள்ளைதான். வாழ்த்துன்னு எழுதிட்டியே.”

ஷிமா புருஷனுக்குத் தந்தி அடிக்கச் சொன்னாள். பனியின் கனத்தில் தந்திக் கம்பி தொய்ந்து கிடந்ததால் நீண்ட சேதி போகாது. அவள் சொன்னதையெல்லாம் இகராஷி சுருக்கி அடித்தார்: ‘கயோ தபாலில். புத்தாண்டுவரை சாகாதே.’

குமாசோ தந்தியைப் படித்தான். முடிந்தவரை முயன்றான். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் மூச்சு நின்றது, டாக்டர் முகத்தில் வெள்ளைத்துணி போட்டார். குமாசோ துணியை விலக்கி, தபால் வந்ததா என்று கேட்டான்.

“நீங்க காலமாயிட்டீங்க” என்றார் டாக்டர்.

“அதப் புத்தாண்டுக்கப்புறம் பாத்துக்கலாங்க.”

இறப்பைப் பதிகிற அலுவலகமும் புத்தாண்டு விடுமுறைக்காக மூன்றாம் தேதிவரை மூடியிருந்தது. டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில் மீன்காரக் கிழவர் ஒரு குண்டைப் போட்டார்.

“செத்த வீட்டுக்கு வாழ்த்து கொடுக்கக் கூடாதுப்பா. தெரிஞ்சா தபால்காரன் உம் பொண்ணத் திருப்பி அனுப்பிருவான்.”

அதற்குப் பிறகுதான் குமாசோ பயந்தான். மறுபடி அந்தக் கணவாய், அந்தப் பனி. தாள் எத்தனை தாங்கும்? மூச்சு விடுவதுபோல மார்பை ஏற்றி இறக்கப் பழகினான். நர்ஸ் அவன் கன்னத்தில் சிவப்புச் சாந்து தடவினாள். கிழவர் அவனுக்கும் சேர்த்து இருமினார்.

முதல் தேதி காலையில் தபால்காரர் வந்தார். அட்டையை நீட்டியவர், அவன் நீலம் பாரித்த நகங்களைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“இவரு உயிரோடதான் இருக்காரா?”

அறையில் ஒருவரும் இருமவில்லை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாழ்நாளில் பொய் சொல்லியறியாத மனிதர்.

“போன வருஷத்துக்கு இப்ப எவ்வளவோ தேவலை” என்றார்.

குமாசோ இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். வழியில் ஒரு மூலை மடங்கி, கயோவின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. அதை நீவிவிட்டான்.

“அப்பா, கை சில்லுனு இருக்கு.”

“வெளிய பனிடா கண்ணு.”

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க அவன் மார்பின்மேல் கயோ கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தாள். அவன் அந்த அளவுக்கு மெலிந்தான். இரண்டாம் தேதி அவள் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள்; அவன் போர்வைத் தடிமன்தான் இருந்தான். நாலாம் தேதி அலுவலக ஆள் உடலை எடுக்க வந்தபோது, படுக்கையில் ஒரு தாள்தான் இருந்தது. தாளுக்கு அவர்களிடம் படிவம் இல்லை. டாக்டர் அதை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து நாடாவால் கட்டிக் கயோவிடம் கொடுத்தார். தண்டவாளம் திறந்ததும் நர்ஸ் அவளை ரயிலேற்றினாள்.

ஷிமா காலையிலிருந்து நடைமேடையில் நின்றிருந்தாள். கயோ இறங்கி, நாடா கட்டிய அட்டைகளை இரு கைகளாலும் நீட்டினாள்.

“மடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா.”

ஷிமா நாடாவை அவிழ்த்து, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாளின்மேல் ஒரு பனித்துகள் விழுந்தது. ஊதிவிட்டு, மேலங்கிக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“வாடி போலாம், அப்பா நனைஞ்சிருவாரு” என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.