நிற்க வைத்து எடுத்த படம்

காலையிலிருந்து நாற்பத்தொரு படம் எடுத்தாகிவிட்டது. எக்ஸ்ரேக்காரருக்குக் கால் இரண்டும் மரக்கட்டையாகிக் கிடந்தன. கடைசி ஆள் இந்தப் பெண். குழந்தை பிறந்து மூன்று மாதம், அடியிடுப்பில் வலி. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடியே மேசையில் படுக்க வைத்து எடுத்தார். எலும்பெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

கூட வந்திருந்த மாமியார் திரையை எட்டிப் பார்த்தாள். "ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"டாக்டர்தாம்மா சொல்லணும். என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"கேட்டியாடி? நான் நாலு பெத்தவ. பத்தாம் நாளே குடம் தூக்கினேன். திங்கக்கிழமை ஒழுங்கா ஆலைக்குக் கிளம்பு. எட்டு மணி நேரம் நின்னா இடுப்பு தானா சரியாகும்."

"பொய் சொல்லல அத்தை." அதற்கு மேல் பேச மருமகளுக்குத் தெம்பில்லை. இரண்டு முழங்காலும் கட்டிப்போட்டதுபோல் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒருக்களித்து இறங்கினாள். ஒரு கால் மட்டும் விலகியதும் முகம் சுண்டிப்போனது.

எக்ஸ்ரேக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காதிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். கண்ணில் காட்டிய கடவுள் சும்மாவா காட்டுவார் என்று அலுத்துக்கொண்டே, சீட்டோடு டாக்டர் அறைக்கு நடந்தார். டாக்டரும் களைத்துப்போயிருந்தார். "நான்தான் கவனிக்கல" என்று, நிற்க வைத்து எடுக்கும்படி சீட்டைத் திருத்திக் கொடுத்தார்.

"இன்னொரு படமா?" என்றாள் மாமியார், எக்ஸ்ரேக்காரர் திரும்பி வந்ததும்.

"முன்பக்கம் ரெண்டு இடுப்பெலும்பும் சேர்ற இடத்துல ஒரு மூட்டு இருக்கும்மா, நடுவுல குருத்தெலும்பு வெச்சு. பிள்ளை வர்றதுக்காக அது இளகிக் கொடுக்கும், அப்புறம் இறுகிடும். சிலருக்கு இறுகாது. படுத்தா பாரமில்ல, நல்லபிள்ளையா இருக்கும். ஒரு கால்ல நின்னாத்தான் குட்டு வெளிப்படும். இவங்க விழாம நீங்க பிடிச்சுக்கணும்."

கதிர் படாமலிருக்க மாமியாருக்கு ஈயக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார். "என்ன தம்பி, கல்மூட்டையைப் போர்த்தின மாதிரி இருக்கு!"

மருமகள் சிறு பலகையில் ஏறி ஒரு காலைத் தொங்கவிட்டாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அந்தத் தோள் காய்ச்சல்காரியின் தோள்போல் நடுங்கியது. மாமியார் பிடியை இறுக்கினாள்.

கால் மாற்றி நிற்க வைத்து இரண்டு காலுக்கும் எடுத்தாயிற்று. திரையில் மூட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் படியேறினாற்போல் உயர்ந்து நின்றது.

"பாருங்கம்மா. இது நழுவினா பின்னாடி இருக்கிற ரெண்டு மூட்டுக்கும் சேர்த்துத்தான் வலிக்கும். இடுப்பைச் சுத்திப் பட்டை கட்டி, பயிற்சி கொடுப்பாங்க. ஆறிடும்."

மாமியார் திரைப் பக்கம் திரும்பவில்லை. "திங்கக்கிழமை இவ போகமாட்டா. டாக்டர்கிட்ட லீவுக்குக் கடிதாசி நானே வாங்கிக்கிறேன்" என்றாள். பிறகு மருமகளிடம் மெதுவாக, "எம்மேல சாஞ்சுக்கோடி" என்றாள்.

மருமகள் சாய்ந்தாள். மாமியாரிடம் ஈயக் கோட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேக்காரர் சொல்லவில்லை. ஒரு நிமிடம் போகட்டும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.