வேலியில்லாத பதினேழாவது குழி

காலையிலிருந்து ஷோனா ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு பேர் நேருக்கு நேர் ஆடும் கோல்ஃபில் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றால், "சரி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். பந்து உள்ளே விழுந்ததாகக் கணக்கு. ஷோனா அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டுமே. அதனால் இஷ்பெல் ஒவ்வொரு முறையும் குனிந்து, சாண் தூரப் பந்தையும் தட்டி உள்ளே போட்டாள்.

பெண்கள் கோப்பையின் இறுதி ஆட்டம். நடுவர் லார்ன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"இந்தக் கில்டோரன் ஊர்ல எத்தனையோ சவ ஊர்வலத்துக்குப் போயிருக்கேன்," என்றார் அவர் இஷ்பெல்லின் காதருகே. "அதுலகூட யாராச்சும் ஒரு ஜோக்கு சொல்லுவாங்க, பொண்ணே."

"நீங்களே சொல்லுங்களேன்."

"சொன்னேன். மூணாவது குழியில. காத்துதான் சிரிச்சுது."

பதினாறு குழிகள் முடிந்து ஆட்டம் சமமாக இருந்தது.

ஷோனா வேறு யாருமல்ல, இஷ்பெல்லின் அண்ணன் ஃபெர்கஸின் மனைவி. ஃபெர்கஸ் இறந்தபோது பதினேழாவது குழியின் ஓரம், மணல்மேட்டின் மீது, அவர் பெயரில் ஒரு பெஞ்சு வைத்தார்கள். அப்போதே கடல் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கரையில் பாறாங்கற்களைக் கொட்டலாமா என்று கிளப்பில் ஓட்டெடுப்பு வந்தது. இரு பக்கமும் சம ஓட்டு. பெண்கள் அணித் தலைவி என்ற முறையில் கடைசி ஓட்டு இஷ்பெல்லுடையது. அவள் வேண்டாம் என்றாள். அடுத்த ஜனவரியில் ஒரே புயலில் மேடு சரிந்தது. பெஞ்சும் போனது. அதன்பின் ஷோனா அவள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இஷ்பெல்லும் போகவில்லை. தான் போட்ட ஓட்டு சரி என்றே நினைத்தாள். சரியென்று நினைக்கும் ஓட்டுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினேழாவது குழிக்கு 'மீன்காரி' என்று பெயர். மைதானத்தின் மற்ற எல்லைகளில் வெள்ளைக் குச்சி நட்டிருக்கும், தாண்டினால் தண்டனை. இங்கே மட்டும் குச்சி கிடையாது. கிளப் ஆரம்பித்த கனவான்கள் கடற்கரையிலும் நட்டுத்தான் பார்த்தார்களாம். கரையில் வலை காயப்போடும் மீனவப் பெண்கள் அவற்றைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். மறுபடி நட்டார்கள். மறுபடி அடுப்புக்குப் போயின. கடைசியில் கனவான்கள் தோற்று, கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, பந்து அங்கே விழுந்தால் கிடந்தபடி அடித்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இந்தக் குழியில் கடலைப் பார்த்துப் பயந்து இடதுபக்கமே அடிப்பார்கள். அங்கே ஆளை விழுங்கும் மணற்பள்ளங்கள். உள்ளூர்க்காரர்கள் வேண்டுமென்றே கரையில் அடிப்பார்கள். ஈர மணல் இறுகிக் கிடக்கும், பந்து ஓடும்.

இஷ்பெல்லும் அப்படித்தான் அடித்தாள். கடல் ஏறிவர இன்னும் நேரமிருக்கிறது என்பது அவள் கணக்கு. பந்து கரையில் விழுந்து நெடுந்தூரம் உருண்டது. முதலில் அடித்த ஷோனாவின் பந்தைக் காற்று தூக்கி, மேட்டின் விளிம்பில் நாணற்புல்லுக்குள் போட்டிருந்தது. அது பின்தங்கிய பந்து, குழிக்குத் தள்ளிக் கிடப்பதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆகவே அடுத்த அடி ஷோனாவுடையது.

இஷ்பெல் கரைக்கு இறங்கியபின்தான் தன் தப்பு தெரிந்தது. இரண்டு நாளாகக் கிழக்குக் காற்று. நீரை அது கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அட்டவணை சொல்லும் நேரத்துக்குக் கடல் காத்திருக்கவில்லை. நுரை பந்துக்கு நாலைந்து அடியில் இருந்தது.

மேலே புல்லுக்குள் ஷோனா அசையாமல் நின்றாள்.

"அவ பந்து கெடச்சிடுச்சு," என்றார் இஷ்பெல்லுடன் கரைக்கு வந்திருந்த லார்ன். "அப்புறம் என்னத்தப் பாக்குறான்னு தெரியல."

"வேணும்னே பண்றா."

"முறை அவளுது. நீ முந்தி அடிச்சா, திரும்ப அடின்னு சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு. அதுக்குள்ள உன் பந்து கடல் தாண்டி நார்வே போய்ச் சேந்திருக்கும்."

"தெரியும்."

"அவ சம்மதிச்சா அடிக்கலாம். ஒரு வார்த்த கேளேன். வாய் தேஞ்சா போயிடும்?"

ஒரு அலை வந்து பந்தின் அடியை நனைத்துத் திரும்பியது. பந்து சற்றுத் திரும்பி நின்றது. இஷ்பெல் மட்டையை மணலில் போட்டுவிட்டு மேடேறினாள். கேட்டுவிடுவது, மறுத்தால் தோற்றுவிடுவது என்று நினைத்துக்கொண்டே ஏறினாள்.

மேலே போனதும் கேட்க வந்தது மறந்துவிட்டது.

ஷோனாவின் காலடியில் ஒரு சிமெண்டுக் கட்டை, பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சின் ஒரு கால் நின்ற இடம். அதில் துருப்பிடித்த திருகாணி. பந்து கட்டையை ஒட்டிக் கிடந்தது.

"திருகாணி இன்னும் இருக்கே," என்றாள் இஷ்பெல்.

ஷோனா திரும்பிப் பார்க்கவில்லை. காற்று அவள் மழைச்சட்டையைப் படபடவென்று அடித்தது.

"இருக்கு," என்றாள். "அவர்தான் போயிட்டாரு."

பிறகு கீழே எட்டிப் பார்த்தாள். "உன் பந்து நனையுது பாரு. இங்க வந்து என்ன நிக்கிற? போய் அடி."

"முறை உன்னுது."

"நான்தானே சொல்றேன். போடி!"

இஷ்பெல் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால்வரை தண்ணீர். ஒரு அலை பின்வாங்கிய இடைவெளியில் அடித்தாள். உப்புநீர் முகமெல்லாம் தெறித்தது. பந்து மேட்டைத் தாண்டிப் போயிற்று.

லார்ன் மேடேறியிருந்தார். அங்கிருந்து ஷோனா கேட்பது காற்றில் வந்தது. "லார்ன், பந்த கட்டையில இருந்து தள்ளி வெச்சுக்கலாமா?"

"மனுஷன் போட்ட சிமெண்டும்மா. தாராளமா வெச்சுக்கலாம். தண்டனை கெடையாது."

"வேண்டாம். கெடந்தபடியே அடிக்கிறேன்."

மட்டை சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. பந்து அதிக தூரம் போகவில்லை. ஆனால் அதற்கடுத்த அடியில் ஷோனா, காற்றுக்கு அடியில் தாழ்வாக விட்டு, குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, அடுத்ததில் உள்ளே தட்டினாள். இஷ்பெல்லின் பந்து ஏற்கெனவே குழிப் பக்கம் இருந்தது, ஒரே தட்டில் முடித்திருந்தால் குழி அவளுக்கு. தட்டினாள், விழவில்லை. கடைசி அடிக்கு ஒரு சாண் மிச்சம். குனிந்தாள்.

"எடுத்துக்கோ," என்றாள் ஷோனா.

இஷ்பெல் பந்தை எடுத்தாள். லார்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "குழி சமம். ஆட்டமும் சமம். என் கால் ரெண்டும்தான் சமமா இல்ல."

பதினெட்டாவது குழிக்கு நடந்தார்கள். பின்னால் கரை முழுவதும் நீருக்குள் போயிருந்தது.

"எதுக்கு வேண்டாம்னு ஓட்டு போட்ட?" என்றாள் ஷோனா. "அவரு உன் அண்ணன்."

"கல்ல கொட்டினா அலை கல்லுல மோதித் திரும்பும். திரும்பறப்ப மணலயும் இழுத்துட்டுப் போயிடும். கொஞ்ச வருஷத்துல கரையே இருக்காது. அண்ணன் தெனம் நாயோட நடந்த கரை அது."

"அத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்."

"வந்திருக்கணும்."

ஷோனா மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "மார்ச்ல மறுபடி ஓட்டு வருது. நான் கல்லுக்குத்தான் கை தூக்குவேன்."

"நான் தூக்க மாட்டேன், ஷோனா." இஷ்பெல் மெல்லச் சொன்னாள். "புது பெஞ்சு வெப்போம். கொஞ்சம் உள்ள தள்ளி."

"உள்ள தள்ளி வெச்சா அவருக்குக் கடல் தெரியாது."

பதினெட்டாவது குழியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஷோனா பந்தை நிறுத்தினாள். காற்றைப் பார்த்தாள். அடித்தாள். நல்ல அடி, நேராகப் போயிற்று.

பிறகு ஒதுங்கி நின்று, இஷ்பெல்லின் நனைந்த காலணிகளைப் பார்த்தாள்.

"உன் முறை," என்றாள்.